சுண்ணாம்பு அடித்த பரண்

1

இந்தக் கதை ஒரு சிலந்தியிடமிருந்து எனக்குக் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்டு என் மானத்தை வாங்க வேண்டாம்.

எங்கள் தெருக்கோடியில் வான் குட்செம் குடும்பத்தின் பீர் ஆலை இருக்கிறது. நான் ஹாலே நகரத்துக்குப் பேருந்து ஓட்டுகிறவன். ஆலைச் சுவரோரம்தான் எங்கள் கடைசி நிறுத்தம். ஒரு வசந்தகால மதியம் ஆலைக்காரி லியோனி என்னைக் கை தட்டிக் கூப்பிட்டு, ஓடு ஒன்று நழுவியிருக்கிறது, பரணுக்கு ஏணி தூக்கிவர வேண்டும் என்றாள். அவள் கணவன் ஃபோன்ஸ் சந்தைக்குப் போயிருந்த நேரம். அவன் திரும்புவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

பரண் என்றால் நம் வீட்டில் பாத்திரம் அடுக்குகிற பரண் இல்லை. கூரைக்கு அடியில் ஒரு கல்யாணக் கூடம் அளவுக்கு அறை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு, அறையையே அடைத்துக்கொண்டு ஒரு செப்புத் தொட்டி. சுற்றிலும் பலகைச் சன்னல்கள். சுவரும் கூரைச் சரிவும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. உத்திரத்தில் ஒரு பழைய நீலக் கோட்டு தொங்கியது. அதன் கைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னிக்கொண்டிருந்தது. லியோனி முகத்தில் மாஸ்க்கோடு அதன் எதிரில் நின்றாள், தொட்டில் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"மூச்சு விடாம நில்லுங்க," என்றாள். "புதுசா குடி வந்திருக்கு."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மீதியைக் கொஞ்சம் அவளிடமும், கொஞ்சம் அவள் தம்பி ஹெக்டரிடமும் வாங்கினேன். மிச்சத்தை நானே போட்டு நிரப்பினேன். எழுத எழுத அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர்கள் மொழியில் படித்துக் காட்டுவேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே ஆட்சேபிப்பாள். அந்த ஆட்சேபணைகளைச் சதுர அடைப்புக்குள் விட்டு வைத்திருக்கிறேன்.

[லியோனி: மொதல்ல என் மூக்கு நீளம்னு எழுதியிருந்தீங்களே, அது எங்க? — எடுத்துட்டேன். — பொழச்சீங்க.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் பெனுவா வான் குட்செம் என்பவர் மாமனார் கொடுத்த கோதுமை வயலை விற்று ஒரு கொப்பரை வாங்கி, ஆற்றோரம்—"

வேண்டாம். இந்த வேகத்தில் போனால் மூன்றாம் தலைமுறை வருவதற்குள் நீங்கள் குறட்டை விடுவீர்கள். ஆனால் பெனுவாவின் பேரன் காலத்தில் நடந்த ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் வந்து ஆலையின் செம்பையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். கொப்பரை, தொட்டி, குழாய், கதவின் கைப்பிடியைக்கூட விடவில்லை. போர் முடிந்து புதுச் செம்பு வந்தது. பழைய ருசி போயே போச்சு என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. முதல் பீப்பாயைத் திறந்தால், அதே புளிப்பு, அதே பழைய ஆப்பிள் வாசனை. அன்றைக்குத்தான் குடும்பத்துக்கு உறைத்தது: பீர் செம்பில் இல்லை, பரணில் இருக்கிறது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இந்தப் பீருக்கு ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. கோதுமையும் பார்லியும் கொதிக்கவைத்த கஷாயத்தைக் குளிர்கால மாலையில் பரண் தொட்டிக்கு ஏற்றி, சன்னல்களைத் திறந்துவிடுவார்கள். விடிவதற்குள் காற்றிலிருந்தும் கூரையிலிருந்தும் தூசியிலிருந்தும் எது வந்து விழுகிறதோ அதுதான் புளிக்கவைக்கும். கஷாயம் என்றதற்கு மன்னியுங்கள், வேறு தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை.)

ஆகையால் வான் குட்செம் பரணில் யாரும் பெருக்குவதில்லை. ஒட்டடை அடிப்பதில்லை. பீப்பாய்க்கு வருகிற ஈயைச் சிலந்தி தின்னும், சிலந்தியை யாரும் தொடமாட்டார்கள். போகிக்கு வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுத்தம் செய்கிற உங்களுக்கு இது குமட்டும். எனக்கும் குமட்டியது. பிறகு குடித்துப் பார்த்தேன், குமட்டல் நின்றுவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "ஆவி எழுந்தது. ஆவிக்குள் ஒரு உருவம் நின்றது—" பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள். ஆனால் இந்த வரியைத் தூக்கிப்போடவும் மனசு வரவில்லை, பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் தொடக்கம்: "லியோனிக்கு மூச்சு முட்டியது."

ஆங். இதுதான்.

3

லியோனிக்கு மூச்சு முட்டியது. கோடைக்காலம், ஆலை ஓய்ந்திருந்த நாட்கள். புளிப்புச் செர்ரிப் பழங்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றைப் பீப்பாயில் கொட்டிச் சிவப்புப் பீர் ஆக்க வேண்டும். கூடையைத் தூக்கினவள் அப்படியே கூடையின் மேல் சாய்ந்துவிட்டாள். ஃபோன்ஸ் ஓடிவந்தபோது அவள் முகமெல்லாம் சிவப்புச் சாறு. ரத்தம் என்று நினைத்து அலறிக்கொண்டே அவளை வாரித் தூக்கினான்.

மருத்துவமனையில் நுரையீரல் பார்க்கிற டாக்டரம்மா, இளம்பெண், ஃபோன்ஸைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வீட்டுல பூஞ்சை புடிச்ச எடம் ஏதாவது இருக்கா?"

"டாக்டர், நாங்க அதை வச்சுத்தான் பொழைக்கிறோம்."

அவள் சிரிக்கவில்லை. "அந்தத் தூசி இனிமே அவங்க நெஞ்சுக்குள்ள போகக் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா, வீட்டுக்குத் திருப்பி அனுப்புவேன்னு என்னால சொல்ல முடியாது."

லியோனி மருந்து மயக்கத்தில் கிடந்தாள். (கதையில் கனவு எழுதக் கூடாது என்று எனக்கு நானே போட்ட சட்டம் உண்டு. இதோ மீறுகிறேன்.) கனவில் அவள் பரணில் படுத்திருந்தாள். தொட்டி நிறைய வெதுவெதுப்பு. மேலே ஒட்டடைகள் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவள் மூச்சை இழுத்தால் அவை இறங்கின, விட்டால் ஏறின. கூரையே மூச்சு விடுகிறதா, தான்தான் விடுகிறாளா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அவ்வளவு சுகமாக இருந்தது அவளுக்கு.

அவள் அப்படிக் கனாக் கண்டுகொண்டிருந்த வாரத்தில்தான் ஃபோன்ஸ் துடைப்பத்தையும் சுண்ணாம்பு வாளியையும் எடுத்துக்கொண்டு படி ஏறினான்.

4

இங்கே நின்றுவிட்டேன். பல மாதம் நின்றேன். ஏனென்றால் ஃபோன்ஸை என்னால் நம்ப முடியவில்லை.

முதல் வரைவில் அவனை வில்லனாக்கினேன். ஆலையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்கத் திட்டம் போட்டு, வேண்டுமென்றே பரணைக் கெடுக்கிறான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் பேருந்துக்கு நிற்கிற நிஜ ஃபோன்ஸ் "குளிருதா? சூப் தரட்டுமா?" என்று கேட்டதும் அந்தத் தாளை மடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவில் அவனை அசடாக்கினேன். கடற்கரை ஊர்க்காரன், தாயார் ஒரு விடுதி நடத்தியவள், படுக்கை விரிப்பைத் தினம் கொதிக்கவைத்துத் துவைத்தவள். சுத்தப் பைத்தியம் ரத்தத்தில் ஊறியவன், பரணின் மகிமை தெரியாமல் துடைத்துவிட்டான். இதுவும் பொய். முப்பது வருடம் அந்த வீட்டில் வாழ்ந்தவனுக்கு எது என்ன என்று தெரியாதா? அந்த வீட்டில் கல்யாணத்தால் வந்தவர்கள் ஆவி எழுகிற நேரத்தில் பரண் ஏறக் கூடாது, புதுப் பீப்பாயின் முதல் கிளாஸ் அவர்களுக்கு இல்லை. முப்பது வருடம் முகம் சுளிக்காமல் கீழேயே நின்று பாட்டில் கழுவியவன் அவன்.

தெரிந்தேதான் செய்தான். ஆலையா அவளா என்று வந்தபோது அவன் யோசிக்கவே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை தாள் செலவு, என் புத்தியை என்ன சொல்ல!

5

லியோனி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படிக்குப் போனாள்.

"காபி ஆறுது, லியோனி."

"வந்துடறேன்."

"மேல போகாத. டாக்டர் சொன்னாங்கல்ல."

"எட்டிப் பாத்துட்டு வரேன். அதுக்குள்ள என்ன குடி முழுகிடும்?"

கதவைத் தள்ளினாள். எங்கும் வெள்ளை. சுண்ணாம்பு நெடி. தான் இன்னும் ஆஸ்பத்திரியை விட்டு வரவே இல்லையோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

"ஒட்டடை?"

"அடிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"மூலை முடுக்கு விடல," என்றான் ஃபோன்ஸ். அதில் துளி பெருமையும் இருந்தது, பாவம்.

லியோனி முகத்தைப் பொத்திக்கொண்டு அழ—

[லியோனி: நிறுத்துங்க. நான் அழல. — வாசிக்கிறவங்களுக்கு ஒரு உருக்கமா— — அவங்களை அழச் சொல்லுங்க. நான் திட்டினேன்.]

லியோனி திட்டினாள். "படுபாவி! சிப்பாய்ங்களாலயே எடுத்துட்டுப் போக முடியாததைத் தொடைப்பத்தால கூட்டி அள்ளிட்டியே! என்னைக் கட்டிக்கிட்டு வந்த நாள்ல நீ இந்தப் படியில கால் வச்சிருந்தா அன்னிக்கே அந்தக் காலை ஒடச்சிருப்பேன்!" திட்டத் திட்ட மூச்சு வாங்கியது. ஃபோன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள். அவன் மறுபடியும் தடவினான்.

6

முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற ஹெக்டர் வந்து பார்த்தான். பீப்பாய்களை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். தொப்பியைக் கழற்றினான், சாவு வீட்டில் செய்கிற மாதிரி.

"நாளைக்கே சரிபண்ணலாம்," என்றான். "கீழ இருக்கற பழைய பீரை வாளி வாளியாக் கொண்டாந்து சுவரெல்லாம் அடிப்போம். சாக்கடை ஓரத்து மண்ணு, மாட்டுக் கொட்டாய் ஓடு, எல்லாத்தையும் மேல ஏத்துவோம். ரெண்டு மழை போனா பூஞ்சை தானா வரும்."

"வந்தா?" என்றான் ஃபோன்ஸ்.

"வரணும்யா! அதுக்குத்தானே!"

"வந்தா இவ மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவா."

ஹெக்டர் தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டான். பரண் அழுக்கானால் பீர் பிழைக்கும், லியோனி பிழைப்பாளா தெரியாது. பரண் வெள்ளையாகவே இருந்தால் லியோனி பிழைப்பாள், பீர் தெரியாது. இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"பீரை அடிக்க வேணாம்," என்றாள் லியோனி. "வெள்ளையாவே இருக்கட்டும். ஐப்பசி குளிர்ல காய்ச்சுவோம். சன்னல் வழியா வர்றது வரட்டும்."

(அவள் ஐப்பசி என்று சொல்லவில்லை. அக்டோபர் என்றாள். கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும்.)

"வெறும் தெருக் காத்தை வச்சு என்ன ஆகும்?" என்றான் ஹெக்டர். "நம்ம வீட்டோடது ஒரு பொட்டாவது வேணாமா?"

அப்போதுதான் லியோனிக்கு நினைவு வந்தது. "ஃபோன்ஸ், என் கோட்டு எங்க?"

பரண் ஏறும்போது மட்டும் போடுகிற நீலக் கோட்டு. அவள் அப்பா போட்டது, அவர் போன பிறகு அவள் போடுகிறது. துவைத்ததே கிடையாது, பரண் தூசியெல்லாம் அதில் அப்படியே இருக்கும். படிக்கட்டுக்குக் கீழே ஆணியில் தொங்கும். ஆணி காலியாக இருந்தது.

"அதையும் தொவைச்சிட்டியா?"

"இல்ல."

"பின்ன எங்க?"

ஃபோன்ஸ் தரையைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. "தலகாணிக்கு அடியில."

"எதுக்கு?"

"நீ இல்லாம தூக்கம் வரல. தொவைக்கணும்னுதான் எடுத்தேன். அதுல உன் வாசனை இருந்துச்சு."

"அவ வாசனை இல்லய்யா அது," என்றான் ஹெக்டர், "பூஞ்சை!"

சொல்லிவிட்டு அவன்தான் முதலில் சிரித்தான். லியோனிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது, இருமல் அடங்கிய பிறகும் சிரித்தாள். கண்ணில் நீர் தளும்பியது. (இதற்கு அவள் ஆட்சேபம் சொல்லவில்லை.)

இந்தக் கோட்டு விஷயம் நிஜமா, நீ கட்டிவிட்டதா என்று கேட்பீர்கள். நானும் ஃபோன்ஸை அவன் சமையலறையிலேயே வைத்துக் கேட்டேன். உருளைக்கிழங்கு தீய்ந்துபோகும் என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

7

குளிர் வந்தது. வயல்களில் பனி மூட்டம், கிழங்கு தோண்டின மண் வாசனை. காலையிலிருந்து கொதித்த கஷாயத்தை, பொழுது சாயும் நேரத்தில் பரண் தொட்டிக்கு ஏற்றினார்கள்.

யார் மேலே போவது? லியோனி போகக் கூடாது. "ஆஸ்பத்திரி வார்டுக்கெல்லாம் நான் சன்னல் தொறக்கமாட்டேன்," என்று ஹெக்டர் முறுக்கிக்கொண்டான்.

"நீ போ," என்றாள் லியோனி, ஃபோன்ஸிடம்.

"நானா? ஆவி வர்ற நேரத்துலயா?"

"தொடைச்சவன் நீதானே. நீயே போய்த் தொற."

அவன் கோட்டைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு ஏறினான். லியோனி முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு பலகையாகத் திறந்தது. திறந்த இடமெல்லாம் ஆவி பொங்கி வெளியே வந்து, பனியோடு கலந்து, எது வானம் எது கூரை என்று தெரியாமல் போனது. கோதுமையின் இனிப்பு வாசனை தெருவை நிறைத்தது. நான் அந்த நேரம் பேருந்தை நிறுத்தத்தில் போட்டுவிட்டு இறங்கி நின்றேன், பயணிகளும் இறங்கி நின்றார்கள். யாரும் மணி என்ன என்று கேட்கவில்லை.

"ஃபோன்ஸ்?" என்று கூப்பிட்டாள் லியோனி.

"இருக்கேன்." குரல் எங்கிருந்தோ வந்தது.

"கோட்டை மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. ஒரே ஆவி. நீ நிக்கிற மாதிரி இருக்கு."

"நான் இங்க கீழ நிக்கிறேன்."

"தெரியும். இங்கயும் நிக்கிற."

லியோனி சால்வையை இழுத்து வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டாள். குளிருக்குத்தான் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

8

முடிவுகள்.

இந்தப் பீர் ஒரு வயதில் குடிக்கக் கிடைக்கும், ஆனால் எதையும் காட்டிக்கொடுக்காது. இரண்டாம் கோடையில் அதற்கு நோய் வரும். எண்ணெய் மாதிரிக் கெட்டியாகி நூல் இழுக்கும். சில பீப்பாய் தேறும், சில தேறாது. மூன்றாம் வசந்தத்தில்தான் உண்மை தெரியும். அதன் பிறகு ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயதுப் பீர்களைக் கலந்து கார்க் அடைத்துப் பாட்டிலில் மறுபடி உறங்கவிடுவார்கள். நானும் வருடத்துக்கு ஒரு முடிவு எழுதினேன்.

ஒரு வயது முடிவு: "ஹெக்டர் ஒரு வாய் குடித்து, 'பரவாயில்லை' என்றான். கோட்டில் சிலந்தி குடியேறியது. எல்லாரும் சுகமாக—" இளசு. துள்ளுகிறது, நம்ப முடியவில்லை.

இரண்டு வயது முடிவு: "பீர் நூல் இழுத்தது. ஹெக்டர் பீப்பாயைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனான். வருஷா வருஷம் வருகிற நோய்தானா, பரண் செத்துப்போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபோன்ஸ் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. 'கொட்டாதே, ஹெக்டர், அதன் முடிவு தெரியட்டும்' என்று லியோனி சொன்னாள், ஆனால் அவள்—" இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வயது முடிவை நான் எழுதவில்லை. எனக்கு அழைப்பு வந்தது.

9

இந்த வசந்தம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, வெங்காயத்தாள். முள்ளங்கியை ஃபோன்ஸ் உள்ளே மறந்துவிட்டு வந்திருந்தான், அவ்வளவு பதற்றம். ஹெக்டர் பீப்பாயிலிருந்து ஒரே ஒரு கிளாஸ் பிடித்துக் கொண்டுவந்தான். வெயிலில் அது மங்கலான தங்க நிறமாக இருந்தது. லியோனியிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கி ஃபோன்ஸிடம் கொடுத்தாள்.

"என்ன லியோனி இது," என்றான் ஹெக்டர். "மொதக் கிளாஸு!"

"நீ சும்மா இரு. சன்னலைத் தொறந்தது யாரு?"

ஃபோன்ஸ் இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தான். நாங்கள் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தோம்.

"எப்படி இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் பரிதாபமாக. "முப்பது வருஷமா எனக்கு இது வெறும் புளிப்புதான். உனக்காகத்தான் குடிச்சேன்."

ஹெக்டர் தலையில் அடித்துக்கொண்டான். லியோனி கிளாஸைத் திரும்ப வாங்கினாள். குடிக்கவில்லை. முதலில் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். ஹெக்டர் அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஃபோன்ஸ் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நீண்ட மூச்சில் எங்காவது ஒரு கரகரப்பு, ஒரு விக்கல், ஒரு இருமல் வருகிறதா என்று.

வரவில்லை. மூச்சு முழுசாக உள்ளே போய், முழுசாக வெளியே வந்தது.

ஃபோன்ஸ் எழுந்தான். "முள்ளங்கி எடுத்துட்டு வரேன்," என்று உள்ளே போனான். அவன் கதை அங்கே முடிந்துவிட்டது. பீர் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட அவன் நிற்கவில்லை.

பிறகு லியோனி கண்ணைத் திறந்து, ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்திருந்து, விழுங்கி, ஹெக்டரைப் பார்த்து—

என் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சிரிக்காதீர்கள், சத்தியமாக. அன்று மதிய வண்டி என்னுடையது. நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டுகிறவன் நாக்கில் ஒரு சொட்டுகூட வைக்க முடியாது. கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபோது சுவர் மறைத்துவிட்டது.

மறுநாள் கேட்டேன். "கதையை முடிச்சிட்டு வாங்க, சொல்றேன்," என்றாள். "நீங்க சொன்னாத்தானே முடிக்க முடியும்?" என்றேன். "அப்போ முடிக்காதீங்க," என்றாள். சில வாரம் கழித்து, அதைக் கலந்து அடைத்த பாட்டில் ஒன்றைக் கையில் திணித்தாள்.

பாட்டில் என் அலமாரியில் படுத்திருக்கிறது, இந்தத் தாள்களுக்குப் பக்கத்தில். இதுவரை திறக்கவில்லை, பயம். இருபது வருடமானாலும் கெடாது என்கிறார்கள். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் கடைசி நிறுத்தத்தில் இறங்குங்கள். கிளாஸ் நான் தருகிறேன். கார்க்கை நீங்கள்தான் இழுக்க வேண்டும்.

[லியோனி: நல்லா இழுத்து மூச்சு விட்டேன்னு எழுதியிருக்கீங்கல்ல? — எழுதியிருக்கேன். — அது போதும். மத்ததை அவங்க குடிச்சுப் பாத்துக்கட்டும்.]